ஆறு பேர் சேர்ந்த ஒரு விதானை

பெரிய ஆட்களைத் தெரியும் என்று பீற்றிக்கொள்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் தெருவுக்கு ஒருவர் இருப்பார், மந்திரியின் மைத்துனரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டவர். ஆனால் சின்ன ஆட்களைத் தெரியும் என்று பெருமைப்பட்ட ஒரே ஒருவரை இந்த ஆக்லாந்தில்தான் பார்த்தேன். பாபகூராவில் எங்களுக்குப் பக்கத்து வீட்டு அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். கூரியர் டிப்போவில் பார்சல் பிரிக்கும் வேலை.

நாங்கள் மார்ட்கேஜ் போட்டு அங்கே வீடு வாங்கிக் குடிபோன புதிது. நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு புல்தரை நீண்டு கிடக்குமே, அது எங்கள் வீட்டு முன்னால் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. அது கவுன்சிலின் இடம் என்று வீட்டுப் பத்திரத்தில் படித்திருந்தேன். அவர்கள் இடத்துப் புல்லை அவர்கள்தானே வெட்ட வேண்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன். ஒரு சனிக்கிழமை அக்கா எங்கள் வாசல் கேட் அருகே வந்து நின்றார்.

“பிள்ளை, உந்தப் புல்லை ஏன் வளக்கிறீர்? மாடு வாங்கப் போறீரோ?”

“அது நம்ம இடம் இல்லையேக்கா. கவுன்சில் இடம்.”

“ஓம், இடம் அவையின்ரைதான். புல்லு உம்மடை.”

“அதெப்படிக்கா?”

“அப்பிடித்தான். அதிலை மரம் நடுறதெண்டா நீர் அவையிட்டைக் கேக்கவேணும். புல்லு வெட்டுறதெண்டா ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை.”

“இது என்ன நியாயம்? நான் மேயருக்கே எழுதப் போறேன், பாருங்க.”

அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “புல்லுக்கு மேயரோ!” என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுப் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கு வந்த கோபத்தில் நன்றிகூடச் சொல்லவில்லை.

என்னைச் சொல்லிக் குற்றமில்லை. நான் வளர்ந்த விதம் அப்படி. எங்கள் தெருக் குழாயில் நாலு நாள் தண்ணீர் வராவிட்டால் வார்டு கவுன்சிலரை யாரும் தேட மாட்டோம். தேடினாலும் அகப்பட மாட்டார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் கூட்டத்தில் போய் நிற்போம். அதிலும் நடக்காவிட்டால் முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு ஒரு மனு. மேலே தட்டினால்தான் கீழே அசையும் என்பது எங்கள் கணக்கு. அக்காவின் கணக்கு நேர்த் தலைகீழ்.

“மேலை போகப் போக ஆக்களுக்குக் கண் தெரியாது, பிள்ளை. ஆகச் சின்ன ஆளைப் பிடிக்கவேணும். ஆனா ‘ஓம்’ எண்டு சொல்ல அதிகாரம் உள்ள சின்ன ஆளாப் பிடிக்கவேணும். அதிலைதான் கெட்டித்தனம் இருக்கு.”

அந்தச் சின்ன ஆளுக்கு அக்கா வைத்திருந்த பெயர் விதானை. எனக்கு அந்தச் சொல்லே புதிது. விதானம் என்றால் கோயிலில் மேலே கட்டும் துணி என்றுதான் தெரியும். இலங்கையில் ஊருக்கு ஒருவராக அரசாங்கம் நியமிக்கும் அலுவலர்தான் விதானை. எங்கள் ஊர் வி.ஏ.ஓ. மாதிரி என்று பிறகுதான் விளங்கியது. அவருக்கு மேலே பிரிவுக்கு ஒருவர், அவருக்கும் மேலே மாவட்டத்துக்கு ஒரு அரசாங்க அதிபர். இது கொழும்பிலிருந்து இறங்கிவரும் ஏணி. கிராமசபை, பட்டினசபை என்று ஊர்ச் சனம் ஓட்டுப் போட்டு அமைத்துக்கொள்ளும் ஏணி தனி. எந்த அலுவலுக்கு எந்த ஏணி என்று தெரியாதவன் இரண்டுக்கும் நடுவில் விழுவான் என்பார் அக்கா. அவருடைய தகப்பனார் விதானையாக இருந்தவர். வீட்டு வாசலுக்கு வந்தவர்களிடம் “ஐயா குளிக்கிறார், என்ன அலுவல்?” என்று கேட்டுக் கேட்டு, பாதிப் பேரை “உது எங்களிட்டை இல்லை, சபைக்குப் போங்கோ” என்று திருப்பி அனுப்பியது சின்ன வயதில் அக்காவின் வேலை.

அந்தப் பழக்கம் கடல் கடந்தும் போகவில்லை. பாபகூராத் தமிழர்கள் அவரை ‘விதானை அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். கேலியாகத்தான். ஆனால் தெருவிளக்கு எரியாவிட்டால் கேலி செய்தவர்களே அவருக்குப் போன் போட்டார்கள்.

ஆக்லாந்தின் ஆட்சி எனக்குப் புரிந்தது அவருடைய சமையலறையில்தான். தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்.

“முந்தி இஞ்சை ஏழெட்டுச் சபை இருந்தது. பாபகூராவுக்குத் தனிச் சபை, தனி மேயர். பிறகு எல்லாத்தையும் ஒண்டாக்கி ஒரு பெரிய கவுன்சில் ஆக்கிப்போட்டினம். மேயரும் கவுன்சிலர்மாரும் நகருக்குள்ளை இருந்து முழு ஆக்லாந்துக்கும் திட்டம் போடுவினம். அவைக்கு எங்கடை சந்து பொந்து தெரியாதெல்லோ? அதுக்காகப் பகுதிக்கு ஒரு லோக்கல் போர்ட். பூங்கா, நூலகம், மண்டபம், நீச்சல் குளம், இதுகள் போர்டின்ரை. ரோட்டும் பஸ்ஸும் வேறை ஆக்கள். தண்ணிக் குழாய் வேறை ஆக்கள்.”

“எங்க வீட்டுக்காரர் விசா?”

“அது வெலிங்டன், தலைநகரத்து அலுவல். ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் வெலிங்டன். உதுகளைக் கொண்டுபோய்ப் போர்டிலை கேட்டா அவை பாவம், முழிப்பினம்.”

அக்காவின் வீட்டுக்குள்ளும் இதே ஆட்சிதான். மகன் புது போன் கேட்டால் அது அப்பாவின் இலாகா. ராத்திரி நண்பன் வீட்டில் தங்குவது அம்மாவின் இலாகா. டிவி ரிமோட் விஷயம் மகளும் மகனும் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டும், மேல்முறையீடு கிடையாது. ஒரு நாள் அந்தப் பையன் பொறுக்க முடியாமல் “மம், திஸ் இஸ் அ ஹவுஸ், நாட் அ கன்ட்ரி” என்று கத்தினான். அக்கா அசரவில்லை. “கத்திறதெண்டா உன்ரை அறைக்குள்ளை போய்க் கத்து. அது உன்ரை எல்லை” என்றார்.

எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் எல்லா நாளும் பிடிக்காது. என் மகள் பூங்கா ஊஞ்சலிலிருந்து குதித்து உதட்டைக் கிழித்துக்கொண்ட நாளில் நான் நடுங்கிப்போய் நிற்கிறேன். அக்கா ஒரு கையால் அவள் உதட்டில் ஐஸ் வைத்துப் பிடித்திருக்கிறார். மறு கையால் ஊஞ்சலுக்குக் கீழே பரப்பியிருந்த மரப்பட்டைத் தூளைக் கிளறி, “இன்னும் கொஞ்சம் தடிப்பாப் போட்டா நல்லது. இது போர்டின்ரை அலுவல்” என்கிறார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்தப் பெண்மணிக்கு நெஞ்சு இருக்கிற இடத்தில் ஏதாவது ஆபீஸ் இருக்கிறதா என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பட்டைத் தூள் கணுக்கால் அளவுக்கு நிறைந்திருந்தது. அதற்காக என் ஆத்திரம் முழுக்கப் போனது என்று சொல்ல மாட்டேன்.

போர்டு உறுப்பினர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் நூலகத்தில் வந்து உட்காருவார்கள். குறையிருந்தால் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். மேசைமேல் ஒரு தட்டு பிஸ்கட் இருக்கும். யாரும் வர மாட்டார்கள். ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அக்கா மட்டும் தவறாமல் போவார். சொல்லக் குறை ஒன்றும் இல்லாத மாதத்திலும் போவார். “பாவம் பிள்ளை, கடை திறந்து வைச்சிருக்கினம், ஒருத்தரும் போகாட்டி என்ன நினைப்பினம்?” என்பார். அந்த உறுப்பினர்களில் ஒருவர் உயரமான மனிதர், ஒரு காலத்தில் ரக்பி பயிற்சி கொடுத்தவர், வெயிலோ மழையோ தொப்பி போட்டிருப்பார். அக்கா அவரை எங்களிடம் பேசும்போது ‘எங்கடை விதானையார்’ என்றே சொன்னார்.

அக்காவின் கணவரைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. சொல்லும்படியாக அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. நான் ‘அண்ணா’ என்று கூப்பிடுவேன். ஒரு தலையாட்டல் பதிலாக வரும். ஆனால் சனிக்கிழமை மதியம் தெருவுக்குப் பின்னாலுள்ள பூங்காவில் நம் ஆட்கள் கிரிக்கெட் ஆடும்போது அவர் வேறு மனிதர். அவர்தான் நடுவர். வெள்ளை சேர்ட்டை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு போவார். அவர் அவுட் என்றால் அவுட். பிஜித் தமிழர்களும் எங்கள் ஊர்ப் பையன்களும் யாழ்ப்பாணத்துப் பையன்களும் மற்ற எல்லா விஷயத்துக்கும் சண்டை போடுவார்கள், அவர் தீர்ப்புக்கு மட்டும் போட மாட்டார்கள். அந்த நாலு மணி நேரம்தான் அவருக்கு வாரம் முழுக்க.

ஒரு சனிக்கிழமையோடு அவர் போவதை நிறுத்திவிட்டார். முழங்கால் வலி என்றார். பையன்கள் வந்து கூப்பிட்டார்கள். உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். பிறகு கடைக்குப் போவதும் நின்றது, கோயிலுக்குப் போவதும் நின்றது. ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் துணி காயப்போடும்போது பார்ப்பேன். கையை உயர்த்தினால் திரையை இழுத்துவிடுவார்.

அக்கா ஒரு நாள் வேலையிலிருந்து வந்த உடையோடே என் வீட்டுக்கு வந்தார். தேநீர் வேண்டாம் என்றார். அவர் தேநீர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

“பிள்ளை, ஒரு கதை சொல்லுறன். இதை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு இவருக்குச் சத்தியம் பண்ணினனான். உமக்குச் சொல்லாமல் இந்த அலுவல் நடக்காது.”

அண்ணாவுக்கு புராஸ்டேட் தொந்தரவு இருந்திருக்கிறது. மருந்து சாப்பிடுகிறார், ஆனால் வந்தால் அடக்க முடியாது. அந்தப் பூங்காவில் கழிப்பறை இல்லை. அந்தச் சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வரும்போது வழியிலேயே காற்சட்டை நனைந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆனால் எல்லோரும் பார்த்த மாதிரியே அவருக்கு.

“அண்டைக்கு வந்து குளிச்சவர், பிறகு படி இறங்கேல்லை. ஏழு மாசமாச்சு. ‘இனி நான் வெளியிலை போற ஆள் இல்லை’ எண்டுறார். டொக்டர் சொல்லியும் கேக்கிறாரில்லை. அந்த மனுசன் உந்தக் கதிரையிலை இருந்தே செத்துப்போவார், பிள்ளை.”

அக்கா அழுது அன்றுதான் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது. நெஞ்சு இருக்கிற இடத்தில் ஆபீஸ் என்று நினைத்தேனே, அந்த வார்த்தை என் வாயிலேயே கசந்தது.

கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பூங்காவிலை ஒரு கக்கூசு வேணும். அது வந்தா இவர் போவார்.”

“மேயருக்கு ஒரு பெட்டிஷன் போடுவோங்க்கா. நம்ம ஆளுங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குறேன். எம்.பி.யையும் பாப்போம்.”

“மேயருக்கு எங்கடை பூங்கா எங்கை கிடக்கெண்டு தெரியுமே? எம்.பி. வெலிங்டன் ஆள். பூங்காக் கக்கூசு போர்டின்ரை அலுவல். நான் விதானையாரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டப்போறன்.”

இங்கேதான் அக்கா சறுக்கினார். அவர் ஊரில் விதானை என்றால் ஒரே ஆள். வந்து இடத்தைப் பார்ப்பார், தலையாட்டுவார், காரியம் நகரும். பார்க்க வருகிறவரை வெறும் கையோடு அனுப்புவதும் வழக்கமில்லை. தொப்பிக்காரர் அழைப்பை ஏற்றுப் பூங்காவுக்கு வந்தபோது, அக்கா ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு டப்பா நிறைய உளுந்து வடையும் துணி மூடிக் கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டினார். அந்த மனிதர் காது வரை சிவந்துபோனார். உறுப்பினருக்கு யாராவது எதையாவது கொடுத்தால் அதை அறிவிக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“வடையையுமோ?” என்று அக்கா என்னிடம் தமிழில் கேட்டார்.

“வடையையும்தானாம்க்கா.”

“இது லஞ்சமில்லை, வடை எண்டு சொல்லும்.”

நான் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கடைசியில் டப்பாவைப் பூங்கா பெஞ்சில் திறந்துவைத்து, நாய் கூட்டிவந்தவர்கள், பிள்ளை கூட்டிவந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்தோம். பொதுவில் வைத்தது ஆகிவிட்டதால் அவரும் மூன்று வடை சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே இடத்தை நடந்து பார்த்தார். பிறகு சொன்னதுதான் அக்காவுக்கு இடி. தான் ஒருவர் ஓம் சொல்ல முடியாது, உறுப்பினர்கள் ஆறு பேரும் கூடித்தான் முடிவெடுப்பார்கள், கூட்டத்துக்கு வந்து நீங்களே எல்லார் முன்னாலும் பேசுங்கள் என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா அதையே சொல்லிக்கொண்டு வந்தார். “ஆறு பேர் சேந்து ஒரு விதானையாம்! நான் இவ்வளவு காலமும் ஆறிலை ஒரு பங்கோடை கதைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன், பிள்ளை.”

இப்போது அவர்கள் தெற்கே ஹாமில்டன் ஊரில் மகனோடு இருக்கிறார்கள். நாங்களும் பக்குரங்காவுக்கு வந்துவிட்டோம். ஹாமில்டன் போன புதிதில் அக்கா போன் செய்தார். “பிள்ளை, இஞ்சை ரெண்டு கவுன்சில்! ஆத்துக்கும் பஸ்ஸுக்கும் ஒண்டு, ரோட்டுக்கும் பூங்காவுக்கும் இன்னொண்டு. முதலிலை இருந்து படிக்கவேணும்” என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். புதுச் சீலை எடுத்தவர்கூட அப்படிச் சொல்ல மாட்டார்.

கூட்டத்துக்கு வருகிறேன்.

அக்கா என்ன பேச வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தயார் செய்தோம். வயதானவர்கள் வருகிறார்கள், கர்ப்பிணிகள் வருகிறார்கள், பிள்ளைகள் வருகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வது. அண்ணாவின் கதை வாயில் வரக் கூடாது. “சொன்னா அவர் என்னோடை கதைக்க மாட்டார். அதைவிட, இனி ஒருத்தரோடையும் கதைக்க மாட்டார்” என்றார்.

கூட்டம் மாவோரி மொழிப் பிரார்த்தனையோடு ஆரம்பித்தது. அக்கா எழுந்து கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். “தேவாரம் பாடித் துவங்கினமாதிரி இருக்கு” என்று என் காதில் சொன்னார். பிறகு எல்லோரும் உட்கார்ந்தும் அவர் உட்காரவில்லை. போர்டின் தலைவி கையால் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார். எங்களுக்குப் பின்வரிசையில் தமிழ்ப் பள்ளிக்கு மண்டபம் கேட்டுப் பேச வந்த நம் ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். பாபகூராவில் மூன்று தமிழருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அது தூரத்து மவுண்ட் ஆல்பர்ட் வரை போய்ச் சேர்ந்துவிடும்.

அக்கா தன் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். ஆறு பேரும் கேட்டார்கள். முடித்ததும் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு உறுப்பினர், கண்ணாடி போட்ட இளம்பெண், மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார். பல பூங்காக்களிலிருந்து இதே கோரிக்கை வருகிறது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கட்ட முடியாது. இந்தப் பூங்காவில் கழிப்பறை இல்லாததால் யாருக்காவது உண்மையாகவே கஷ்டம் நேர்ந்திருக்கிறதா, உங்களுக்குத் தெரியுமா?

நியாயமான கேள்விதான். அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு ஒரு பொய்கூடத் தோன்றவில்லை.

“யெஸ்” என்றார் அக்கா. “மீ.”

பிறகு ஆங்கிலத்தில், குரல் நடுங்காமல், தன் கதையாகவே அதைச் சொன்னார். சனிக்கிழமை மதியம். அவசரமாக வந்தது. ஓடி வர முடியவில்லை. பூங்கா வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவில் உடுப்பு நனைந்துவிட்டது. இடுப்பில் ஸ்வெட்டரைக் கட்டிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு எட்டு மாதமாக, உங்களில் ஒருவருக்கு இடம் காட்ட வந்த நாள் தவிர, பூங்காப் பக்கம் போகவில்லை. எனக்கு அந்தப் பூங்காதான் எல்லாம். நான் மறுபடியும் அங்கே போக வேண்டும்.

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். தலைவி நன்றி சொன்னார். எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது; திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

காரில் ஏறியதும் நான் வெடித்தேன். “ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? பின்னால நம்ம ஆளுங்க மூணு பேர் உக்காந்திருக்காங்க. நாளைக்கு ஊரே பேசும்.”

“கதைக்கட்டும். பொம்பிளை எண்டா ‘பாவம்’ எண்டுவினம். ஆம்பிளை எண்டா சிரிப்பினம்.” சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். “இவருக்குச் சொல்லிப்போடாதையும்.”

ஊர் பேசியது. கோயில் அன்னதானத்தில் ஒரு அம்மா, அக்கா உட்காரப் போன நாற்காலியைப் பார்த்துவிட்டு இன்னொரு அம்மாவைப் பார்த்ததை நானே கண்டேன். எனக்குக் கையிலிருந்த சாம்பார் வாளியை அங்கேயே கவிழ்க்கலாம் போல் இருந்தது. அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டார்.

கழிப்பறை போர்டின் வேலைத் திட்டத்தில் ஏறியது. ஏறியதற்கும் கட்டியதற்கும் நடுவில் இரண்டு குளிர்காலம் போனது. அதற்குள் அண்ணாவுக்கும் விஷயம் எட்டிவிட்டது. அவருடைய பழைய நண்பர் ஒருவர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு போன் செய்து, “உங்கடை மனுசிக்குச் சுகமில்லையாமே, சலம் அடக்கேலாத வருத்தமாமே, கவனமாப் பாருங்கோ” என்று சொல்லியிருக்கிறார். அண்ணா “ஓம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாராம். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அக்கா வேலைக்குப் போகும்போது அண்ணா தேநீர்க் குடுவையை நிரப்பி வாசலில் வைத்தார். அக்கா இதைச் சொல்லி, “என்னத்துக்கு இப்ப புதுசா இந்தப் பக்தி?” என்று என்னைக் கேட்டார். எனக்கு விளங்கியது. அவருக்கும் விளங்கியிருக்கும்.

திறக்கும் நாளில் பெரிய விழா ஒன்றும் இல்லை. சாம்பல் நிறத்தில் சின்னக் கட்டடம், இரண்டு கதவு. போர்டு உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். ரொட்டியில் சாஸேஜ் சுற்றிக் கொடுத்தார்கள். நம் ஆட்கள் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள், கிரிக்கெட் பையன்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, வெள்ளை சேர்ட்டை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு அண்ணா புல்தரையில் நடந்து வந்தார். பையன்கள் ஆரவாரித்தார்கள். அவர் கையை உயர்த்தி அடக்கிவிட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றார்.

தலைவி பேசினார். இந்தக் கட்டடம் இங்கே இருக்கக் காரணம் ஒரு பெண்ணின் துணிச்சல், தனக்கு நேர்ந்ததை மறைக்காமல் வந்து சொன்னார் என்று அக்காவைக் கைகாட்டினார். எல்லோரும் திரும்பினார்கள். அந்தக் கோயில் அம்மாக்களும் திரும்பினார்கள். அக்கா புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு சிரித்துவைத்தார்.

“எக்ஸ்க்யூஸ் மீ” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணா இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டது ஆட்டத்தின் நடுவில் மட்டும்தான். “ஒரு பிழை இருக்கு. திருத்தவேணும்.”

தலைவிக்கு முதலில் ஆங்கிலத்தில் சொன்னார், பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“அது நான். இவ இல்லை. எனக்குத்தான் நடந்தது. நான் வெக்கத்திலை வீட்டுக்குள்ளை இருந்தன். இவ போய்த் தனக்கு நடந்ததெண்டு பொய் சொன்னவ. ரெண்டு வருசமா என்ரை வெக்கத்தை இவ காவிக்கொண்டு திரிஞ்சிருக்கிறா. இனிப் போதும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா சிவந்த கண்ணோடு, “இஞ்சருங்கோ, உங்களை ஆர் கேட்டது? ஏன் சொன்னனீங்கள்?” என்று அதட்டினார். அதட்டல் பாதியிலேயே உடைந்துபோனது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். தொப்பிக்காரர் வந்து அண்ணாவின் கையைக் குலுக்கி, ஏதோ மெதுவாகச் சொல்லி, கதவைக் காட்டினார்.

அண்ணா உள்ளே போனார். அத்தனை பேரும் வெளியே நின்றோம். போர்டு உறுப்பினர்கள் ஆறு பேரும், பையன்களும், கோயில் அம்மாக்களும், கையில் பாதி சாஸேஜோடு பிள்ளைகளும். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு மரியாதையாக எந்தக் கதவையும் பார்த்து நின்றதில்லை. உள்ளே தண்ணீர் இரைந்து ஓடும் சத்தம் கேட்டது. கதவு திறந்து அவர் வெளியே வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள், பையன்கள் விசிலடித்தார்கள்.

அக்கா மட்டும் தட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

“கை கழுவினீங்களோ?”

அண்ணா ஈரக் கை இரண்டையும் நீட்டிக் காட்டினார். அக்கா அவற்றைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, “சரி, போங்கோ, பெடியள் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்” என்றார்.